மரணசாதனமும் மலையகக் குடும்பமும்

'எஸ்டேட்' என்னும் ஆங்கிலச் சொல் லிந்துலையிலே சிறு பிள்ளைகளும் அறிந்த சொல்லாகும். தேயிலைத் தோட்டம் என்பதே அவர்கள் கொள்ளும் பொருள். ஆனால் அதே சொல்லுக்கு நீதிமன்றங்களிலே வேறொரு பொருள் உண்டு. இறந்தவர் ஒருவர் விட்டுச்சென்ற வீடு, காணி, பணம், நகை, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் ஆகிய யாவற்றின் தொகுதியையும் சட்ட நூலார் அச்சொல்லாற் குறிப்பர். நம் முன்னோர் முதற்பொருளிலுள்ள எஸ்டேட்டிலே நூற்றாண்டுக்கு மேலாக உழைத்து, இரண்டாம் பொருளிலுள்ள எஸ்டேட் என ஒன்றும் இன்றியே மறைந்தனர். விட்டுச்செல்ல ஏதும் இல்லாதவர்க்கு அதனை எவ்வாறு விட்டுச்செல்வது என்னும் கவலையும் இருந்ததில்லை.

இன்று நிலை சிறிது சிறிதாக மாறி வருகின்றது. 2015ஆம் ஆண்டின் பின்னர், தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணி என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் உதவியால் மலைநாட்டிலே 4,000 வீடுகள் அமைக்கப்பெற்றன. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். நகரங்களிலே கடை வைத்தோரும், ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் உயர்ந்தோரும் தாமே காணி வாங்கி வீடு கட்டியுள்ளனர். நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் இவ்வகையினரே. தம் குலத்திலே முதன்முதலாக ஓர் உறுதியைக் கையில் வைத்திருப்போர் இவர்கள். அவ்வுறுதி தமக்குப்பின் எவர் கைக்குச் செல்லும் என்று சிந்தித்தோர் எத்துணைப் பேர்? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நாம் தமிழாசிரியர், சட்டத்தரணி அல்லேம். சட்டத்தரணியிடம் செல்லுமுன் ஒருவர் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைகளையே ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

மரணசாதனம் யாது?

சாதனம் என்பது ஆவணம். தாம் இறந்தபின் தம் பொருள் இன்னார்க்கு இன்னவாறு சேர்தல்வேண்டும் என ஒருவர் உயிரோடிருக்கும்போது எழுதிவைக்கும் ஆவணம் மரணசாதனம் எனப்படும். தமிழகத்தார் இதனை 'உயில்' என்பர். அச்சொல் தமிழ்ச்சொற்போல ஒலிப்பினும் 'வில்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே. சொல்லே இரவலாயிருத்தலின் காரணம் தெளிவானது. கூட்டுக்குடும்ப வழக்கிலே பொருள் குடும்பத்துக்கு உரியதாயிருந்தது. தந்தை இறப்பின் மைந்தர் தாமே உரியராயினர். தனியொருவர் தம் விருப்பப்படி எழுதிவைத்தல் என்பதற்கு அவ்வமைப்பில் இடம் மிகக் குறைவு. ஆங்கிலேயர் ஆட்சியிலேயே அவ்வழக்கம் நம்மவரிடையே பரவிற்று.

உறுதிக்கும் மரணசாதனத்துக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. நன்கொடை உறுதி எழுதிக்கொடுத்தால் பொருள் அப்போதே கைமாறுகின்றது. மரணசாதனம் எழுதியவர் இறக்கும்வரை பொருள் அவருடையதே. அவர் விற்கலாம், ஈடு வைக்கலாம், எழுதியதைக் கிழித்தெறிந்து புதிதாக எழுதவும் செய்யலாம். அவர் மூச்சு நின்ற பின்னரே அது பேசத் தொடங்கும்.

பச்சையப்பர் எழுதியதும் அதன்பின் நிகழ்ந்ததும்

இந்துக் கல்லூரி ஒன்றின் மலரிலே இவ்விடயத்தை எழுதும்போது பச்சையப்ப முதலியார் வரலாற்றை நினையாதிருத்தல் இயலாது. அவர் 1754ஆம் ஆண்டிலே பிறந்தவர். பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர். நாராயண பிள்ளை என்பாரின் ஆதரவிலே வளர்ந்து, ஆங்கிலேயருக்கும் நாட்டவருக்கும் இடைநின்று அலுவல் பார்க்கும் துபாஷித் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவர்க்கு ஆண் மகவு இல்லை. 1794ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் நாள், தம் செல்வத்தைத் திருக்கோயிற் பணிகளுக்கும் அறங்களுக்கும் உரியதாக்கி மரணசாதனம் எழுதினார். ஒன்பது நாள் கழித்து, 31ஆம் நாள், திருவையாற்றிலே உயிர் துறந்தார்.

எழுத்து இருந்தது, பொருளும் இருந்தது. ஆயினும் உறவினரிடையே பிணக்குகள் எழுந்தன, வழக்குகள் தொடர்ந்தன. அவர் கருதிய அறங்கள் பல்லாண்டு நடைபெறாமற் கிடந்தன. ஈற்றிலே சென்னை உச்ச நீதிமன்றம் அப்பொருளைத் தன் மேற்பார்வைக்குட் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்திலே வட்டியாற் பெருகி எஞ்சிய தொகையைக் கல்விக்குப் பயன்படுத்த வழி பிறந்தது. அரசாங்க வழக்கறிஞர் நாயகமாக இருந்த ஜோர்ஜ் நார்ட்டன் இதில் முன்னின்றார். 1842ஆம் ஆண்டிலே பச்சையப்பர் பெயராற் பள்ளி தோன்றிற்று. அதுவே பின்னர்க் கல்லூரியாகி, கணித மேதை இராமாநுசனும் அறிஞர் அண்ணாவும் கால்வைத்த இடமாயிற்று.

இவ்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களை உணர்த்துகின்றது. எழுதாதிருந்தால் அச்செல்வம் அறத்துக்கு வந்திராது என்பது ஒன்று. எழுதியது நிறைவேற நாற்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன என்பது மற்றொன்று. ஆகவே எழுதுதல் வேண்டும். எழுதியதை நிறைவேற்றத் தக்காரை அமர்த்துதலும் வேண்டும். அதற்கு நீதிமன்றத்தின் துணையும் வேண்டும். இறக்குந் தறுவாயில் எழுதாது, நலமாயிருக்கும்போதே எழுதுதல் மேலும் நன்று. பெருஞ்செல்வர் ஒருவரது பொருளுக்கே இந்நிலையாயின், 7 பேர்ச் காணியுடைய நம்மவர் நிலை யாதாகும்?

எழுதாது இறந்தால்

ஒருவர் மரணசாதனம் எழுதாது இறப்பின் அவர் பொருளைச் சட்டமே பங்கிடும். இலங்கையிலே இதற்குச் சட்டங்கள் பல உள. வட மாகாணத் தமிழர்க்குத் தேசவழமை உண்டு. கண்டிச் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. மலையகத் தமிழர் இவற்றுள் எதனுள்ளும் அடங்கார். அவர்க்குப் பொதுச் சட்டமே உரியது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, இறந்தவரின் பொருளிற் பாதி உயிரோடிருக்கும் மனைவிக்கு அல்லது கணவனுக்குச் சேரும். மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். மூத்த மகனுக்கே வீடு என்பதும், மணமாகிச் சென்ற மகளுக்குப் பங்கில்லை என்பதும் ஊர்ப்பேச்சேயன்றிச் சட்டமாகா. ஆணும் பெண்ணும் அங்கே ஒன்றே.

இதனை ஒரு கணக்காற் காண்பாம். தந்தை ஒருவர் 7 பேர்ச் காணியையும் அதில் ஒரு வீட்டையும் விட்டு, மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்க, எழுதாது இறந்தார் எனக் கொள்வோம். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஆகவே 7 பேர்ச் 1,905¾ சதுர அடி. தாயின் பாதி ஏறக்குறைய 953 சதுர அடி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 318 சதுர அடி. பதினெட்டு அடிக்குப் பதினெட்டு அடி என்னும் அளவிலும் சற்றுக் குறைந்த துண்டு அது. வீட்டை அவ்வாறு வெட்டல் இயலுமா? இயலாது. ஆகவே நால்வரும் கூட்டு உரிமையாளராவர். ஒற்றுமை உள்ளவரை குறை இல்லை. ஒருவர்க்குப் பணமுடை வந்து, 'என் பங்கைத் தா' என்றால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் கீழ் அவர் வழக்கிடலாம். பிரித்தற்கு இயலாத சொத்தாயின் அதனை விற்றுப் பணத்தைப் பங்கிடும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். நூற்றைம்பது ஆண்டுக்குப்பின் கிட்டிய கூரை ஏலத்திற் செல்லுதற்கு ஒருவரது மௌனமே காரணமாகி விடும்.

பிள்ளையில்லாத் தம்பதியர் நிலை இதனினும் கவலைக்குரியது. கணவன் எழுதாது இறப்பின் மனைவிக்குப் பாதியே. மற்றப் பாதி கணவனின் பெற்றோர், உடன்பிறந்தார் முதலியோரைச் சேரும். இருபது ஆண்டு கொழுந்து பறித்த பணத்தையும் சேர்த்துக் கட்டிய வீட்டிலே அவ்வம்மையார் மைத்துனரோடு பங்காளியாகி நிற்க நேரும். கணவன் இரண்டு வரி எழுதியிருந்தால் அவர்க்கு அவ்விடர் இல்லை.

எழுதுவோர் உரிமையும் கடமையும்

1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மரணசாதனக் கட்டளைச் சட்டம், பராயமடைந்து நல்லறிவோடிருக்கும் எவரும் தம் பொருளைத் தாம் விரும்பியவர்க்கு எழுதிவைக்கலாம் என்கின்றது. அதற்குமுன் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன்-டச்சுச் சட்டத்திலே பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு ஒன்று இருந்தது. 1844இன் சட்டம் அதனை நீக்கிற்று. ஆகவே மனைவி மக்களை விலக்கி வேறொருவர்க்கு எழுதவும் சட்டம் இடந்தருகின்றது. உரிமை பெரிதாயின் கடமையும் பெரிது. கோபத்திலே எழுதிய எழுத்து, கோபம் தணிந்து ஆள் மறைந்த பின்னும் ஆறாது நிற்கும்.

தாயையும் காத்துப் பிள்ளையையும் காக்க ஒரு வழி உண்டு. வீட்டை ஒரு பிள்ளைக்கு அல்லது எல்லார்க்கும் எழுதி, மனைவி உயிருள்ளவரை அதில் வாழ்ந்து அநுபவிக்கும் உரிமையை அவர்க்கு ஒதுக்கலாம். இதனைச் சீவிய உரித்து என்பர். தாயை வீட்டை விட்டு எவரும் எழுப்பல் இயலாது. தாய்க்குப்பின் வீடு எவர்க்கு என்னும் ஐயமும் இல்லை. உயிரோடிருக்கும்போதே பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதுவோரும் தமக்கெனச் சீவிய உரித்தை ஒதுக்கிக்கொள்ளுதல் அறிவுடைமை. நன்றி கெட்டாரிடமிருந்து நன்கொடையை மீட்க 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்துளது எனினும், அதற்கும் முதுமையிலே மாவட்ட நீதிமன்றப் படியேறி வழக்காடல் வேண்டும்.

எழுதும் முறை

முறை தவறின் எழுத்து வெறுங்காகிதமாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இம்முறையின் அடிப்படையை வகுத்தது. மரணசாதனம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதன் அடியிலே எழுதுவிப்பவர் கையொப்பமிடல் வேண்டும். கையொப்பமிட இயலாதவர்க்காக அவர் முன்னிலையில், அவர் பணிப்பின்படி, வேறொருவர் இடலாம். அக்கையொப்பம் நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் ஒருங்கே இருக்கும்போது இடப்பெற்று, அவர்களும் கையொப்பமிடல் வேண்டும். நொத்தாரிசு இல்லையாயின் ஐந்து சாட்சிகள் ஒருங்கிருத்தல் வேண்டும் என 1840இன் சட்டம் முதலில் விதித்தது.

இவ்விடத்திலே நம்மவர் பலர் இடறுவதுண்டு. தமிழகத்துச் சட்ட நூல்களையும் திரைப்படங்களையும் கண்டு, இரு சாட்சி இருந்தாற் போதும் என எண்ணுவர். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி அங்கு இரு சாட்சிகள் போதும், நொத்தாரிசு வேண்டியதில்லை. ஆனால் லிந்துலையிலுள்ள காணிக்கு அம்முறை செல்லாது. பக்கத்து வீட்டார் இருவரைச் சாட்சி வைத்து எழுதிய தாள் எத்துணை உண்மையாயினும் நீதிமன்றத்தில் நில்லாது. இந்தியாவிலே பூர்வீகக் காணி உடையோர் அக்காணிக்கு அந்நாட்டுச் சட்டத்தைத் தனியே கேட்டறிதல் வேண்டும். இச்சட்டங்கள் காலந்தோறும் திருத்தப்படுவன. ஆதலின் நொத்தாரிசு வழியே செய்தலே நன்று.

சாட்சிகளாக அயலாரை அமைத்தல் தக்கது. பொருள் பெறுவோரும் அவர்தம் கணவன் மனைவியரும் சாட்சியாதல் ஆகாது. பொருள் பெறுபவரே முன்னின்று எழுதுவித்த மரணசாதனத்தை நீதிமன்றங்கள் ஐயத்தோடு நோக்கும். 1838ஆம் ஆண்டிலே பிரிவிக் கவுன்சில் பாரி எதிர் பட்லின் என்னும் வழக்கிற் கூறிய நெறி இது. நோயாளி மருத்துவமனையிற் கிடக்கும்போது ஒரு மகன் மட்டும் தாளோடு சென்று விரலடையாளம் பெறுதல் பின்னர் வழக்காய் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இன்னும் ஒன்று. மரணசாதனம் எழுதியவர் பின்னர் மணம் செய்துகொண்டால் பழைய எழுத்து அத்துடன் ஒழியும். ஆகவே மணத்தின்பின் புதிதாக எழுதுதல் வேண்டும்.

சொல்லின் தெளிவு

இங்குத் தமிழாசிரியர் என்ற முறையிற் சில கூறுவோம். பேச்சு மொழியிலே நாம் ஆளும் சொற்கள் சட்டத்தில் வேறு பொருள் தருவன. 'வீட்டை மூத்தவன் பார்த்துக்கொள்ளட்டும்' என எழுதினால், வீடு அவனுக்கு உரியதா, அவன் காவலன் மட்டுந்தானா? 'மனைவி இருக்கட்டும்' என்றால், உரிமையா, குடியிருப்பா? 'பிள்ளைகளுக்கு' என்றால், முதல் மனைவியின் பிள்ளையும் அடங்குமா? 'நகை தங்கச்சிக்கு' என்றால், எழுதியவரின் தங்கையா, நாம் செல்லமாக அவ்வாறு அழைக்கும் இளைய மகளா? வினைச்சொல் ஒன்றே போதும்: 'கொடுக்கின்றேன்', 'உரியதாக்குகின்றேன்' என எழுதுக. ஆளைக் குறிக்கும்போது முழுப்பெயரும் உறவும் அடையாள அட்டை இலக்கமும் தருக. காணியைக் குறிக்கும்போது உறுதியின் இலக்கம், நாள், எல்லை ஆகியவற்றை உறுதியிற் கண்டவாறே பெயர்த்தெழுதுக.

தெளிவின்மையால் இடருற்றோர் பெரியோரிலும் உளர். அல்பிரட் நோபல் 1895ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் சட்டத்தரணியின் துணையின்றித் தாமே மரணசாதனம் எழுதினார். உலகப் புகழ்பெற்ற பரிசுகளுக்குத் தம் செல்வத்தை உரியதாக்கினார். ஆனால் அச்செல்வத்தை ஏற்று நடத்தும் அமைப்பு எதுவும் அப்போது இல்லை. 1896ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தபின் உறவினர் எதிர்த்தனர். குறிப்பிட்ட நிறுவனங்களும் தயங்கின. நிறைவேற்றுநராக நியமனம் பெற்ற இளைஞர் ராக்னர் சோல்மன் முதலியோரின் விடாமுயற்சியால் 1900ஆம் ஆண்டிலேயே அறநிலையம் அமைந்தது.

ஒரு மரணசாதனத்தில் இருக்கவேண்டுவன இவை: எழுதுவிப்பவர் பெயரும் வதியுமிடமும்; தாம் நல்லறிவோடும் பிறர் வற்புறுத்தலின்றியும் எழுதுவதாகக் கூற்று; முன்னெழுதியவற்றை நீக்குவதாகக் கூற்று; நிறைவேற்றுநர் பெயர், அவர் இயலாராயின் மற்றொருவர் பெயர்; எவர்க்கு எது என்னும் விவரம்; தனித்துக் குறிப்பிடாது எஞ்சியவை எவர்க்கு என்பது; பெறுபவர் முன்னரே இறப்பின் எவர்க்கு என்பது; சிறு பிள்ளைகள் இருப்பின் அவர்களைப் பேணுவார் பற்றிய விருப்பம்; நாள், கையொப்பம், சாட்சிகள். இவ்வளவே. இரண்டு பக்கத்துள் அடங்கும்.

மெய்ப்பித்தல்

எழுதியவர் இறந்தபின் அவ்வெழுத்து உண்மையானது என நீதிமன்றம் ஏற்றல் வேண்டும். இதனையே 'புரோபேட்' என்பர். மெய்ப்பித்தல் என்பதே அவ்விலத்தீன் அடிச்சொல்லின் பொருள். நம் மாவட்டத்தவர் பெரும்பாலும் நுவரெலியா மாவட்ட நீதிமன்றத்தை நாடுவர். மரணசாதனத்தைக் கையில் வைத்திருப்பவர் அதனை மறைத்தல் ஆகாது. நீதிமன்றத்தில் ஒப்படைத்தல் கடமை. நிறைவேற்றுநர் மரணச் சான்றிதழ், மரணசாதனம், சத்தியக் கடதாசி, சொத்து விவரம் ஆகியவற்றோடு மனுச் செய்வர். பத்திரிகையில் அறிவித்தல் இடப்பெறும். எதிர்ப்புடையோர் வந்து கூறலாம். எதிர்ப்பில்லையாயின், அல்லது எதிர்ப்பு நிலைபெறவில்லையாயின், நீதிமன்றம் மெய்ப்புப் பத்திரம் வழங்கும். அதன்பின் நிறைவேற்றுநர் கடன்களைத் தீர்த்து, எஞ்சியதைப் பங்கிட்டு, கணக்கை நீதிமன்றத்துக்குக் காட்டுவர். கடன் முன்னே, பங்கு பின்னே என்பது மாறா விதி.

மரணசாதனம் இல்லையாயின், நெருங்கிய உரித்தாளர் ஒருவர் நிருவாக அதிகாரப் பத்திரம் வேண்டி இதே நீதிமன்றத்தை நாடுவர். சட்டம் குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட சொத்தாயின் இந்நடவடிக்கை தவிர்க்க இயலாதது. நிறைவேற்றுநராக அமையத்தக்கவர் பெரும்பணக்காரராயிருக்க வேண்டியதில்லை. கணக்கறிந்தவராய், பொறுமையுடையவராய், எல்லாப் பிள்ளைகளோடும் பேசக்கூடியவராய் இருத்தல் போதும். அவரைக் கேளாது அவர் பெயரை எழுதலாகாது.

மரணசாதனத்துள் அடங்காதவை

தமதல்லாத ஒன்றை எவரும் பிறர்க்கு எழுதிக்கொடுத்தல் இயலாது. லயத்து வீடு இவ்வகையினது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டிலே அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலம் குத்தகையாகவே கொடுக்கப்பட்டது. ஆகவே மூன்று தலைமுறை வாழ்ந்த லயக் காம்பிராவாயினும் அதனை மரணசாதனத்தில் எழுதினால் அது செல்லாது. புதிய வீடு பெற்றும் உறுதி பெறாதோர் உளர். அவர்கள் உறுதியைப் பெறுதற்கே முதலில் முயலல்வேண்டும். உறுதி பெற்றோர், கைமாற்றம் பற்றிய நிபந்தனை ஏதும் அதில் உண்டா என வாசித்தறிதல் வேண்டும்.

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கிய காணி மரணசாதனத்தாற் செல்லாது. உரிய அலுவலகத்திலே பின்னுரித்தாளர் எனப் பெயர் பதிவு செய்தாலே செல்லும். அவ்வாறு பதியாது விட்டோரின் காணியிலே மூத்த ஆண்மகனுக்கு முதன்மை இருந்து வந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் ஆண் பெண் வேற்றுமையை அகற்றிற்று.

தோட்டத் தொழிலாளர்க்குப் பெருந்தொகையாகக் கைக்கு வருவது ஊழியர் சேமலாப நிதியே. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்நிதியிலே, உறுப்பினர் இறப்பின் எவர் பெறுதல்வேண்டும் எனப் பெயர் குறித்தற்கு வழியுண்டு. 1980ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் உளது. பதினெட்டு வயதில் வேலைக்குச் சேரும்போது தாயின் பெயரைக் கொடுத்தவர், மணமாகிப் பிள்ளைகள் பெற்றபின்னும் அதனை மாற்றாது விடுதல் பெருவழக்கு. தாய் முன்னரே இறந்திருப்பார். மனைவியோ அலுவலகம் அலுவலகமாக அலைவார். ஒரு படிவத்தாற் தீரும் துன்பம் இது. வங்கிச் சேமிப்புப் புத்தகத்துக்கும் இவ்வாறே பெயர் குறித்தல் வேண்டும்.

பெயர் என்னும் பெருந்தடை

மலையகத்திலே சட்டத்தினும் பெரிய தடை ஒன்று உண்டு; அது பெயர் வேறுபாடு. பிறப்புப் பதிவிலே ஒரு பெயர், தோட்டச் செக்றோலில் மற்றொரு பெயர், அடையாள அட்டையில் பிறிதொரு பெயர். கருப்பாயி, கருப்பாய், கறுப்பையா என எழுதுவினைஞர் தம் காதிற் கேட்டவாறு எழுதிவைத்தனர். ஒருவரே மூவரானார். அவர் இறந்தபின் 'இவர் மகளே நான்' என நிறுவல் மகளுக்கு அரிதாகின்றது. கோயிலிலே தாலி கட்டிப் பதிவு செய்யாது விட்ட மணங்களும் பல. ஊரறிய வாழ்ந்தும், மணச் சான்றிதழ் இல்லாத மனைவி தாம் மனைவியே என மெய்ப்பிக்க வேண்டியவராகின்றார். இவற்றை இறந்தவர் திருத்தல் இயலாது. இருப்பவரே திருத்தல் வேண்டும். பிறப்புப் பதிவில் திருத்தம், மணப்பதிவு, ஒருவரே இரு பெயரினர் என்னும் சத்தியக் கடதாசி ஆகியவற்றை இன்றே செய்துகொள்ளுதல் மரணசாதனத்துக்கு முதற்படியாகும்.

இங்கே நம் பழைய மாணவர் ஆற்றத்தக்க பணி ஒன்று உளது. படிவம் நிரப்பத் தெரியாத பெற்றோர் இன்னும் நம் தோட்டங்களில் உளர். விடுமுறைக்கு ஊர் வரும் ஒவ்வொருவரும் தம் இல்லத்து ஆவணங்களை ஒருங்கே எடுத்து, பெயர்களை ஒப்புநோக்கி, பிழைகளைக் குறித்து, ஓர் உறையிலிட்டு, அவ்வுறை இருக்குமிடத்தைத் தாயும் தந்தையும் அறியச் செய்தல் ஒரு நாள் வேலையே. பின்னர்ப் பெற்றோரை நொத்தாரிசிடம் அழைத்துச் செல்லுக. அங்கே தாம் விலகி வெளியே நிற்க. பெற்றோரே தம் விருப்பத்தைக் கூறுக.

சாவைப் பற்றி எழுதினாற் சாவு விரைந்து வரும் என அஞ்சுவோர் உண்டு. எழுதாதவரும் இறவாது இருந்ததில்லை. 'எங்கள் பிள்ளைகள் ஒற்றுமையானவர்கள், எழுத்து எதற்கு?' என்போரும் உண்டு. ஒற்றுமையைக் காப்பதற்கே எழுத்து வேண்டும். இன்றைய ஒற்றுமை தந்தையின் முகத்துக்காக. அம்முகம் மறைந்தபின் அவர் சொல் எழுத்தில் இருப்பின், பிள்ளைகள் அதனை மதித்து அமைவர். எழுத்து இல்லையாயின் ஒவ்வொருவரும் 'அப்பா என்னிடம் இப்படித்தான் சொன்னார்' என்பர். அவருள் எவரும் பொய்யராயிருக்க வேண்டியதில்லை.

எழுத்தறிவித்தல் எம் தொழில். எழுத்தின் பயன்களுள், இல்லாதவர் சொல்லை இருப்பவர்க்கு உரைத்தல் தலையாயது. கூலிச் சீட்டிலே விரலடையாளம் இட்ட கைகளின் வழிவந்த நாம், நமக்கென வாய்த்த 7 பேர்ச்சுக்கேனும் நம் கையெழுத்தால் வழி வகுப்போமாக. விழாக் காணும் நம் கல்லூரியும் அதன் மக்களும் நீடு வாழ்க.